மூழ்கிய கப்பல்கள் மீண்டும் மிதந்த கதை

2002-ம் வருடம் ஜூலை மாதக் கடைசி. அமெரிக்காவின் பெரிய போர்க்கப்பல் அணி ஒன்று ஒரு வளைகுடாவுக்குள் நுழைந்தது. எதிரி நாட்டுக்குக் கெடு வைத்தாகிவிட்டது. பணிந்து போ, இல்லாவிட்டால் அடி விழும் என்பதுதான் அந்தக் கெடுவின் சாரம். ஆனால் அடி முதலில் விழுந்தது அமெரிக்கர்கள் மேல்! தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் கடலிலிருந்தும் ஏவுகணைகள் ஒரே நேரத்தில் கிளம்பி வந்தன. வெடிமருந்து ஏற்றிய சின்னச் சின்னப் படகுகள் கப்பல்களின் மேல் வந்து மோதின. ஐந்து பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 16 கப்பல்கள் காலி. அதில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் அடக்கம். நிஜத்தில் நடந்திருந்தால் 20,000 பேருக்கு மேல் செத்திருப்பார்கள்.

ஆனால் ஒருவருக்குக்கூடக் கீறல் விழவில்லை. ஏனென்றால் இவ்வளவும் நடந்தது கம்ப்யூட்டருக்குள்!

இதற்கு அடுத்து நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். மூழ்கிய கப்பல்களை எல்லாம் மறுபடி மிதக்க விட்டார்கள். செத்தவர்களை எழுப்பினார்கள். ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கடைசியில் அமெரிக்கா ஜெயித்தது.

இந்தப் பயிற்சியின் பெயர் 'மில்லேனியம் சேலஞ்ச் 2002'. ஆன செலவு சுமார் 250 மில்லியன் டாலர். கலந்துகொண்டவர்கள் 13,500 பேர். அமெரிக்க ராணுவம் அதுவரை நடத்திய போர் விளையாட்டுகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. இவ்வளவு பணத்தைக் கொட்டி ஆடிய ஆட்டத்தில், தோற்றது பிடிக்கவில்லை என்று காய்களை எடுத்து மீண்டும் அடுக்கினால் என்ன அர்த்தம்? போர் விளையாட்டு என்பது எதற்காக? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது அறுபது வருடம் பின்னால், இரண்டாம் உலகப் போர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது.

டார்ச் லைட் கணக்கு

முதலில் இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சுட்டுத் தள்ளும் வீடியோ கேம் இல்லை இது. வெடிச்சத்தம், ரத்தம் எதுவும் இருக்காது. ஸ்கிரீனில் ஒரு கடல் வரைபடம், அதில் சில குறியீடுகள், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்த லாரி பாண்ட் என்பவர் 1980-ல் 'ஹார்பூன்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அப்போது அது கம்ப்யூட்டர் விளையாட்டு அல்ல. பேப்பர், பென்சில், பகடை வைத்து ஆடுவது. கடற்படைக்குள் ரகசியமாக வைத்திருந்த ஒரு பயிற்சி விளையாட்டு அவருக்குத் தெரியும். ரகசியம் எதுவும் கலக்காமல், யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய ஒன்று வேண்டும் என்று நினைத்துத்தான் இதைச் செய்தார். டாம் கிளான்சியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ரெட் ஸ்டார்ம் ரைசிங்' நாவல் 1986-ல் வந்தது. அதில் வரும் கடல் சண்டைகள் சிலவற்றை இந்த விளையாட்டில் ஆடிப் பார்த்துத்தான் எழுதினார்கள். 1989-ல் ஹார்பூன் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதே வழியில் வந்த 'கமாண்ட்' என்ற விளையாட்டு 2013-ல் வெளியானது. அதன் தொழில்முறைப் பதிப்பைப் பிற்பாடு ராணுவங்களே வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கின.

இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆடுகிறவருக்கு வரும் முதல் தலைவலி எந்த ஏவுகணையை விடுவது என்பதல்ல. ரேடாரைப் போடலாமா வேண்டாமா என்பதுதான்!

இருட்டான மைதானத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு டார்ச்சோடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்தால் நமக்குக் கொஞ்ச தூரம் தெரியும். ஆனால் நம் டார்ச் வெளிச்சம் எதிராளிக்கு அதைவிட ரொம்ப தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ரேடாரும் அப்படித்தான். ரேடார் அலை போய் எதிரிக் கப்பலில் பட்டுத் திரும்பி வந்தால்தான் நமக்குச் செய்தி. எதிரிக்கோ அது போய்ச் சேர்ந்தாலே போதும். ரேடியோவில் பேசினாலும் இதே கதை. ஆகவே வாயை மூடிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, எதிரி முதலில் டார்ச் அடிக்கட்டும் என்று காத்திருப்பவனுக்கே பல நேரம் வெற்றி.

இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் 2002-ல் என்ன நடந்தது என்பது சுலபமாகப் புரியும்.

மோட்டார் சைக்கிள் தளபதி

அந்தப் பயிற்சியில் அமெரிக்கப் படைக்கு 'நீலம்' என்று பெயர். எதிரிக்குச் 'சிவப்பு'. சிவப்புப் படைக்குத் தளபதியாக வந்தவர் பால் வான் ரைப்பர். மரைன் படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். வியட்நாம் போரில் சண்டை போட்டவர்.

நீலப் படையிடம் எல்லா நவீன வசதியும் இருந்தது. சிவப்பின் தகவல் தொடர்புக் கோபுரங்களையும் கேபிள்களையும் முதலில் அடித்து நொறுக்குவார்கள். அப்புறம் சிவப்பு செல்போனிலும் சாட்டிலைட் போனிலும்தானே பேசியாக வேண்டும்? அதை ஒட்டுக் கேட்டுக்கொள்ளலாம். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

வான் ரைப்பர் போனையே தொடவில்லை. கட்டளைகளை மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் சொன்னார். தொழுகை அழைப்போடு சேர்த்துச் சங்கேதச் செய்தி அனுப்பினார். இரண்டாம் உலகப் போர் காலத்து மாதிரி விளக்கு சமிக்ஞை காட்டி விமானங்களைக் கிளப்பினார், ரேடியோவில் ஒரு வார்த்தை இல்லாமல். நீலப் படையின் கருவிகள் எல்லாம் உலகத்திலேயே சிறந்தவை. ஆனால் கேட்பதற்கு எதுவுமே இல்லையே!

கெடு வந்ததும் அவர் இன்னொன்றும் யோசித்தார். முதலில் தாக்கவும் தயங்க மாட்டோம் என்று அமெரிக்கா வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியானால் அடி வரப்போவது நிச்சயம். நிச்சயம் என்றால் நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? கப்பலின் தற்காப்புக் கம்ப்யூட்டர்கள் ஒரு நேரத்தில் இத்தனை ஏவுகணைகளைத்தான் சமாளிக்கும் என்று ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்பினால்? அனுப்பினார். விளைவு, 16 கப்பல்கள்.

சிறு படகு கதையும் கற்பனை இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2000 அக்டோபர் 12 அன்று, ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் நின்ற 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பக்கத்தில் ஒரு சின்னப் படகு வந்து வெடித்தது. 17 மாலுமிகள் உயிரிழந்தார்கள்.

ஆனால் பயிற்சியை நடத்தியவர்கள் கப்பல்களை மீண்டும் மிதக்க விட்டார்கள். அதோடு விடவில்லை. சிவப்புப் படைக்குப் புதுக் கட்டளைகள் வந்தன. விமான எதிர்ப்பு ஆயுதங்களைத் திறந்த வெளியில் கொண்டு வந்து வை. ரேடாரைப் போட்டு வை. படைகளை ஏற்றி வரும் இன்னின்ன விமானங்களைச் சுடாதே. அதாவது, டார்ச்சை அடித்துக்கொண்டு நில், நாங்கள் வந்து சுடுகிறோம் என்று அர்த்தம்! தன் படைகளுக்குத் தனக்குத் தெரியாமலே வேறு கட்டளைகள் போகின்றன என்று தெரிந்ததும் வான் ரைப்பர் தளபதி பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

யமாட்டோ கப்பலில் உருண்ட பகடை

இப்படி ஒரு காரியத்தைச் செய்த முதல் ஆட்கள் இவர்கள் இல்லை. 1942 மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படைத் தளபதிகள் 'யமாட்டோ' என்ற மாபெரும் போர்க்கப்பலில் கூடினார்கள். பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டத்தை மேஜைமேல் ஆடிப் பார்க்க வேண்டும். நடுவர் அட்மிரல் மடோமே உகாகி. தளபதி யமமோட்டோவுக்கு அடுத்தபடியாகத் திட்டங்களைப் பார்த்துக்கொண்டவர்.

கடற்படை விமானி மிட்சுவோ புச்சிடா போருக்குப் பிறகு எழுதிய புத்தகத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். அதில் பகடை உருட்டியவர் மசடகே ஒகுமியா. அந்தப் புத்தகத்தைப் புச்சிடாவோடு சேர்ந்து எழுதியவரும் இவர்தான். ஜப்பானிய விமானங்கள் மிட்வேயைத் தாக்கப் போயிருக்கும் நேரத்தில், அந்தத் தீவிலிருந்து அமெரிக்க விமானங்கள் வந்து ஜப்பானியக் கப்பல்களின் மேல் குண்டு போடுகின்றன. எத்தனை குண்டு விழுந்தது? பகடை சொன்னது ஒன்பது. 'அகாகி', 'காகா' என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கியதாகக் கணக்கு எழுதினார்கள்.

உகாகி குறுக்கிட்டார். ஒன்பது அதிகம், மூன்று என்று மாற்றுங்கள் என்றார். அகாகி லேசான சேதத்தோடு பிழைத்தது. காகா மூழ்கியதாகவே இருந்தது. ஆனால் ஆட்டத்தின் அடுத்த கட்டம் வந்தபோது அதுவும் உயிரோடு வந்து நின்றது!

சுமார் ஒரு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று, நிஜ மிட்வே சண்டை. காலை பத்தரை மணி வாக்கில் அமெரிக்க விமானங்கள் மேகத்துக்கு மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தன. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் எரிந்தன. மாலையில் நான்காவதான ஹிர்யுவும் எரிந்தது. நான்குமே மூழ்கின. ஜப்பான் தரப்பில் சுமார் 3,000 பேர் உயிரிழந்தார்கள். இந்த முறை காகாவை எழுப்ப எந்த நடுவராலும் முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி உகாகியை முட்டாள் என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிஜச் சண்டையில் மிட்வே தீவிலிருந்து கிளம்பிய விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிகள் மேல் ஒரு குண்டைக்கூடச் சரியாகப் போடவில்லை. அடித்தவை எல்லாம் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தவை. ஆக ஒன்பது அதிகம் என்று உகாகி சொன்னது கணக்குப்படி பெரிய தப்பில்லை!

பிறகு தப்பு எங்கே? நம் விமானங்கள் எல்லாம் வெளியே போயிருக்கும்போது எதிரி வந்தால் என்ன செய்வோம் என்ற கேள்வியைப் பகடை மேஜைமேல் போட்டது. ஒன்பதா மூன்றா என்று பேரம் பேசி முடித்தார்கள். அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. ஒரு மாதம் கழித்து அதே கேள்வியை அமெரிக்கர்கள் கேட்டார்கள்.

லிவர்பூலில் ஒரு மாடி அறை

அதே 1942-ல், உலகத்தின் இன்னொரு மூலையில், இன்னொரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம், டெர்பி ஹவுஸ் கட்டிடத்தின் மேல்மாடி. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தினமும் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. பிரிட்டனுக்குச் சாப்பாடும் பெட்ரோலும் வரும் வழி அதுதான். அது அடைபட்டால் போர் முடிந்தது.

காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரை மறுபடி கூப்பிட்டு, இதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்றார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்கள் பெண்கள் கடற்படைப் பிரிவின் இளம் பெண்கள். பலருக்கு இருபதுதான் வயது. கடலுக்குப் போய்ச் சண்டை போட்டவர்கள் ஒருவரும் கிடையாது.

ஆட்டம் தரையில். லினோலியம் விரித்த தரையே கடல். கப்பல்கள் சின்ன மரப் பொம்மைகள். அவற்றின் பாதையைச் சாக்பீஸால் வரைவார்கள். பாதுகாப்புக் கப்பலின் கேப்டனாக ஆடுகிறவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு துளை வழியாகத்தான் பார்க்கலாம், நிஜத்தில் இரவுக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சை சாக்பீஸில் வரைவார்கள். அது துளை வழியே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது! மறுபடியும் அதே டார்ச் லைட் கணக்கு.

நடந்த தாக்குதல்களை இப்படி ஆடிப் பார்த்தபோது ஒரு உண்மை வெளிப்பட்டது. நீர்மூழ்கிகள் வெளியில் நின்று சுடுவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவை உண்மையில் இரவில் பின்பக்கமாக, நீர்மட்டத்தின் மேலேயே வந்து, சரக்குக் கப்பல்களின் வரிசைக்கு உள்ளேயே நுழைந்து சுட்டன. பிறகு மூழ்கி, கப்பல் கூட்டம் தலைக்கு மேலே கடந்து போகும் வரை காத்திருந்து தப்பின. அப்படியென்றால் வெளியே ஓடித் தேடுவதில் பயனில்லை. கூட்டத்தின் பின்னால் வரிசை கட்டித் தேட வேண்டும். இந்தப் புது உத்திக்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற பெண். வாயால் கேலிச் சத்தம் எழுப்புவதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஹிட்லரைப் பார்த்துச் செய்த கேலி!

1942 நவம்பரில் புதுத் தளபதியாக மேக்ஸ் ஹோர்ட்டன் வந்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ஓட்டிப் பேர் வாங்கியவர். அவர் நீர்மூழ்கியாக ஆட உட்கார்ந்தார். எதிராளி யார் என்று சொல்லவில்லை. மறுபடி மறுபடி ஆடினார், ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டார். எதிரே ஆடியது ஜேனட் ஓகெல் என்ற இளம் பெண் என்று கடைசியில்தான் தெரிந்தது.

அட்மிரல் என்பதற்காக அங்கே யாரும் சாக்பீஸ் கோட்டை அழித்து எழுதவில்லை. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்த மாடியில் பயிற்சி எடுத்தார்கள். தரையில் தோற்றவர்கள் கடலில் பிழைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு

மறுபடி 2002-க்கு வருவோம். பயிற்சியை நடத்தியவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நிஜ வீரர்களும் விமானங்களும் குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட இடத்தில் இறங்கிப் பயிற்சி செய்ய ஏற்பாடாகியிருந்தது. முதல் வாரத்திலேயே கடற்படை மூழ்கிவிட்டது என்று அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? கம்ப்யூட்டரின் கணக்கிலும் ஓட்டைகள் இருந்ததாகப் பிற்பாடு சிலர் சுட்டிக்காட்டினார்கள். கப்பல்கள் நிஜத்தில் நிற்காத அளவுக்குக் கரைக்குப் பக்கத்தில் நின்றன. சின்னப் படகுகள் சுமக்க முடியாத ஆயுதங்களைச் சுமந்தன. இவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.

ஆனால் இது உகாகியின் பேரம்தான்! ஒன்பது இல்லை, மூன்று. சரி, 16 கப்பல் இல்லை, ஆறு என்றே வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளில் செய்தி அனுப்பும் எதிரியை ஒட்டுக் கேட்க முடியாது என்பது மாறிவிடுமா? மலிவான ஆயுதங்கள் கூட்டமாக வந்தால் விலை உயர்ந்த கப்பல் திணறும் என்பது மாறிவிடுமா? 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் அணியின் தலைமைக் கப்பலான 'மாஸ்க்வா', உக்ரைன் கரையிலிருந்து ஏவிய இரண்டு ஏவுகணைகளால் மூழ்கியது. உக்ரைனிடம் அப்போது பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை.

தவறு கப்பல்களை மிதக்க விட்டதில்கூட இல்லை. பயிற்சிக்காக மீண்டும் ஆரம்பிக்கலாம். அதற்குப் பிறகு எதிரியின் கையைக் கட்டிவிட்டு, வந்த வெற்றியைக் காட்டி எங்கள் திட்டம் சரியென்று நிரூபணமாகிவிட்டது என்று சொன்னதுதான் தவறு. சிவப்புப் படையின் சுதந்திரம் போகப் போகக் குறைக்கப்பட்டது, முடிவு முன்பே எழுதியபடி அமைந்தது என்று அந்தப் பயிற்சியின் அதிகாரபூர்வ அறிக்கையே பின்னர் ஒப்புக்கொண்டது. கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்தால் எந்தக் கம்பெனியும் நஷ்டத்தில் ஓடாது. காசு தீரும் வரை!

வீட்டில் கம்ப்யூட்டரோடு ஆடுகிறவர்களுக்கு இந்த ஆசை நன்றாகவே தெரியும். கப்பல் மூழ்கியதா? பழைய சேவ் ஃபைலைத் திற, மறுபடி ஆடு. கேட்க ஆள் கிடையாது. மனிதரோடு ஆடும்போது அது நடக்காது. 2004-ல் வந்த 'வார் இன் த பசிபிக்' என்ற விளையாட்டில் பசிபிக் போர் முழுவதையும் ஒரு முறைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஆடலாம். இரண்டு பேர் இமெயிலில் ஃபைலை மாற்றி மாற்றி அனுப்பி ஆடுவார்கள். 1941 டிசம்பரில் தொடங்கினால் ஆயிரம் முறைக்கு மேல் போகும், வருடக் கணக்கில் இழுக்கும். இன்று போன கப்பல் போனதுதான். அடுத்த மெயிலை அது இல்லாமல்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் அப்படி ஆடுகிறவர்கள் ஒவ்வொரு கப்பலையும் அவ்வளவு யோசித்து நகர்த்துகிறார்கள்.

தோற்பதற்கு உலகத்திலேயே மலிவான இடம் விளையாட்டு மைதானம். அங்கே தோற்க மறுக்கிறவர்கள் அந்தத் தோல்வியைத் தவிர்த்துவிடுவதில்லை, தள்ளிப் போடுகிறார்கள். அப்புறம் அது வட்டியோடு வருகிறது. ஓகெல்லிடம் தோற்ற ஹோர்ட்டனுக்குப் போனது கொஞ்சம் கௌரவம். பகடையிடம் தோற்க மறுத்த உகாகியின் கடற்படைக்குப் போனது நான்கு கப்பல்கள், 3,000 உயிர்கள். எது லாபம் என்பதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.